வடிதாளிலிருந்து வெடிப்பிடம் வரை

அணு ஆயுதச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் எதுவாயினும், அதை மீறியவரைக் கண்டறிய முடியும் என்ற உறுதி இல்லாவிட்டால் அது வெறும் தாளாகவே நின்றுவிடும். 1996 செப்டம்பர் 24 அன்று நாடுகளின் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்ட முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம், அந்த உறுதியைத் தேடி உலகெங்கும் 337 கண்காணிப்பு அமைவிடங்கள் கொண்ட ஒரு வலையமைப்பை வகுத்தது. அவற்றுள் 170 நிலநடுக்க நிலையங்கள் பூமியின் அதிர்வையும், 11 நீரொலி நிலையங்கள் கடலில் பரவும் ஒலியையும், 60 குற்றொலி நிலையங்கள் மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண் கொண்ட காற்றொலியையும் பதிவு செய்வதற்கானவை. 80 நிலையங்கள் காற்றில் கலந்துள்ள கதிரியக்கப் பொருள்களைச் சேகரிப்பதற்கும், 16 ஆய்வகங்கள் அந்தச் சேகரிப்புகளை மீண்டும் ஆராய்ந்து உறுதி செய்வதற்கும் உரியவை.

முதல் மூன்று வகை நிலையங்களும் அலைகளைக் கேட்பவை. அலை வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டு, அது எந்த இடத்தில் எந்த நொடியில் கிளம்பியது என்பதை மிக விரைவில் கணித்துவிடலாம். ஆனால் வெடித்தது அணுகுண்டா, ஆயிரக்கணக்கான டன் வேதி வெடிமருந்தா என்பதை அலையால் ஐயமறச் சொல்ல இயலாது. அணுக்கருப் பிளவு நிகழ்ந்தது என்பதற்கு நேரடிச் சான்று அதில் பிறந்த கதிரியக்கப் பொருள்களே. அந்தச் சான்றுக்கோ நேர்மாறான குறை உண்டு: காற்றோடு வந்த ஒரு செனான் அணு, தான் என்ன என்பதையும் ஏறத்தாழ எப்போது பிறந்தது என்பதையும் தெரிவிக்குமேயன்றி, எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிவிக்காது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் வளிமண்டலப் பரவல் மாதிரி எனப்படும் கணினிக் கணிப்பு. அது என்ன செய்கிறது, அதன் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

கையால் வரைந்த காற்றுப் பாதைகள்

இந்தத் துறை கணினிக்கு முன்பே பிறந்தது. சோவியத் ஒன்றியம் தனது முதல் அணுகுண்டை 1949 ஆகஸ்ட் 29 அன்று, இன்றைய கசக்ஸ்தானிலுள்ள செமிபலாத்தின்ஸ்க் களத்தில் ரகசியமாக வெடித்தது. ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 3 அன்று, ஜப்பானிலிருந்து அலாஸ்கா நோக்கிப் பறந்த அமெரிக்க விமானப் படையின் வானிலை விமானம் ஒன்று, ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றைத் தாள் வடிகட்டிகளின் வழியே செலுத்திச் சேகரித்தது. அந்த வடிதாள்களில் வழக்கத்துக்கு மாறான கதிரியக்கம் தென்பட்டதும் அடுத்தடுத்து விமானங்கள் அனுப்பப்பட்டன. அலாஸ்காவின் கோடியாக் தீவில் சேகரிக்கப்பட்ட மழைநீரிலும் பிளவுப் பொருள்கள் காணப்பட்டன. வேதியியலாளர்கள் அவற்றின் சிதைவு விகிதங்களிலிருந்து வெடிப்பு நாளைக் கணிக்க, அமெரிக்க வானிலைத் துறையின் லெஸ்டர் மாக்டாவும் அவருடைய சகாக்களும் மேல்வளி வரைபடங்களைக் கொண்டு காற்றின் பாதையைப் பின்னோக்கித் தொடர்ந்து, அது சோவியத் நிலப்பரப்பைக் கடந்து வந்திருப்பதைக் காட்டினர். செப்டம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் செய்தியை உலகுக்கு அறிவித்தார்.

மாக்டாவின் குழு கையாண்டது இன்று 'பின்னோக்குப் பாதை' என்று அழைக்கப்படும் மிக எளிய மாதிரியாகும். சேகரிப்பு நடந்த புள்ளியில் ஒரு கற்பனைத் துகளை வைத்து, அந்த நேரத்தில் அங்கு வீசிய காற்றின் திசைக்கு எதிராக அதைச் சில மணி நேரம் நகர்த்தி, புதிய இடத்தில் அப்போது வீசிய காற்றைக் கொண்டு மேலும் நகர்த்தினால், துகள் வந்த வழி ஒரு கோடாகக் கிடைக்கும். கோடு பார்வைக்குத் துல்லியமாகத் தோன்றினாலும் அந்தத் துல்லியம் மெய்யானதன்று. காற்றளவீட்டுப் பிழைகள் சேர்ந்துகொண்டே போவதால், இத்தகைய கோட்டின் முனை, கடந்த தொலைவில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை விலகியிருப்பது வழக்கம். 5,000 கிலோமீட்டர் பயணத்துக்கு அது 1,000 கிலோமீட்டர் விலகலாகும். அதைவிட அடிப்படையான குறை, காற்று ஒற்றைத் துகளாக நகர்வதில்லை என்பது: அது கிழிந்து, கலந்து, வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு திசைகளில் பிரிந்து செல்கிறது. வானிலைத் துறையின் அந்தச் சிறு பிரிவே பின்னாளில் காற்று வள ஆய்வகமாக வளர்ந்து, இன்று உலகெங்கும் பயன்படும் ஹைஸ்பிளிட் என்ற பரவல் மாதிரியை உருவாக்கியது.

சேகரிக்கப்படுவது என்ன

மாதிரியின் விடை, அதற்குக் கொடுக்கப்படும் அளவீட்டின் தன்மையால் வரையறுக்கப்படுவதால், நிலையத்தில் நடப்பதை முதலில் அறிய வேண்டும். வளிமண்டலத்தில் குண்டு வெடித்தால் பேரியம்-140, சீசியம்-137, அயோடின்-131 முதலியவை தூசியோடு ஒட்டிப் பறக்கின்றன. இவற்றைப் பிடிக்கும் நிலையம் மணிக்கு குறைந்தது 500 கன மீட்டர் காற்றை 24 மணி நேரம் வடிகட்டி வழியே இழுக்கிறது. பின்னர், இயற்கையில் எங்கும் உள்ள ரேடானின் வழிப்பொருள்கள் சிதைந்து அடங்குவதற்காக வடிகட்டியை ஏறத்தாழ ஒரு நாள் ஒதுக்கி வைத்து, அடுத்த ஒரு நாள் ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான உணர்கருவியின் முன் நிறுத்தி, வெளிப்படும் காமாக் கதிர்களின் ஆற்றலைக் கொண்டு ஐசோடோப்புகளை அடையாளம் காண்கிறது. கன மீட்டருக்குச் சில பத்து மைக்ரோபெக்கரல் அளவுள்ள பேரியம்-140 கூட இதில் தப்பாது. பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. மைக்ரோபெக்கரல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

நிலத்தடியில் வெடித்தால் நிலை வேறு. துகள்கள் பாறையில் சிக்கிக்கொள்ள, எதோடும் வேதிவினை புரியாத மந்த வாயுவான செனான் மட்டுமே விரிசல்களின் வழியே கசிந்து மேலே வரக்கூடும். ஆகவே 80 நிலையங்களில் 40-இல் செனானைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் நிறுவப்பட வேண்டும் என்று ஒப்பந்தம் வகுத்தது. சுவீடனின் சவுனா, பிரான்சின் ஸ்பாலாக்ஸ் ஆகியவை அத்தகைய கருவிகள். அவை தேடும் ஐசோடோப்புகள் நான்கு: 9 மணி நேர அரை ஆயுள் கொண்ட செனான்-135, 2.2 நாள் கொண்ட செனான்-133எம், 5.2 நாள் கொண்ட செனான்-133, 11.8 நாள் கொண்ட செனான்-131எம். அரை ஆயுள் என்பது இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்து தீரும் காலம். 'எம்' என்ற எழுத்து, அணுக்கரு கிளர்ந்த ஆற்றல் நிலையில் சற்று நீடித்திருப்பதைக் குறிக்கிறது. நான்கும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால் அவற்றின் விகிதம் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைத் தருகிறது: பிளவு நொடிப்பொழுதில் நிகழ்ந்ததா, அணு உலையில் மாதக்கணக்கில் நிகழ்ந்ததா என்பது ஒன்று, நிகழ்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது மற்றொன்று.

இங்கே கருதத்தக்க ஒரு நுட்பம் உண்டு. 24 மணி நேரச் சேகரிப்பு என்பது ஒரு கணத்தின் காற்றன்று. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்றுகூட ஒரு நாளில் 432 கிலோமீட்டர் கடந்துவிடும். எனவே ஒரே வடிகட்டியில் படிந்தது அத்தனை நீளமுள்ள காற்றுப் பட்டையின் மொத்தக் கணக்கு. கதிரியக்க முகில் அந்த நாளின் முதல் மணியில் கடந்ததா, கடைசி மணியில் கடந்ததா என்பதை வடிகட்டி சொல்லாது. மாதிரியை எவ்வளவு நுண்மையாக அமைத்தாலும், சேகரிப்பிலேயே கலைந்துபோன இந்தத் தகவலை அதனால் மீட்க இயலாது. செனான் கருவிகளில் சில 12 மணி நேரச் சேகரிப்பையும், புதியவை அதைவிடக் குறுகிய சேகரிப்பையும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றைக் கணிதமாக்குதல்

பரவலைக் கணிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஆய்லர் முறையில் வளிமண்டலம் அசையாத பெட்டிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எவ்வளவு பொருள் நுழைகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிடப்படுகிறது. இதில் ஒரு பெட்டிக்குள் நுழைந்த பொருள் உடனே பெட்டி முழுவதும் பரவிவிட்டதாகக் கொள்ளப்படுவதால், சிறு மூலத்திலிருந்து கிளம்பும் மெல்லிய முகில் செயற்கையாகப் பருத்துவிடும். லக்ராஞ்சு முறையில் லட்சக்கணக்கான கற்பனைத் துகள்கள் விடப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே பின்தொடரப்படுகிறது. துகளின் ஒவ்வோர் அடியும் இரு பகுதிகளால் ஆனது: வானிலைத் தரவு தரும் சராசரிக் காற்று ஒன்று, அந்தத் தரவின் கண்ணுக்குப் புலப்படாத சிறு சுழிகளைக் குறிக்கும் வகையில் புள்ளியியல் விதிப்படி சேர்க்கப்படும் தற்செயல் நகர்வு மற்றொன்று. தடை ஒப்பந்தத்துக்கான ஆயத்த அமைப்பு இயங்கும் வியன்னாவிலேயே 1990-களில் ஆண்ட்ரியாஸ் ஸ்டோல் உருவாக்கத் தொடங்கிய ஃபிளெக்ஸ்பார்ட், இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது; ஒப்பந்த அமைப்பின் அன்றாடக் கணிப்புகளுக்கு அதுவே அடிப்படை.

காற்றுத் தரவு ஐரோப்பிய நடுத்தர வானிலைக் கணிப்பு மையம் போன்ற நிறுவனங்களின் உலகளாவிய வானிலை மாதிரிகளிலிருந்து பெறப்படுகிறது. தரையை ஒட்டிய காற்றடுக்கின் உயரம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. பகலில் வெயிலால் தரை சூடேறி அந்த அடுக்கு ஓரிரு கிலோமீட்டர் வரை உயரும்போது முகில் மேலெழுந்து விரைந்த காற்றில் சேர்கிறது, இரவில் அடுக்கு சில நூறு மீட்டராகச் சுருங்கும்போது கசிந்த வாயு பள்ளத்தாக்கிலேயே தேங்குகிறது. ஆகவே ஒரே இடத்திலிருந்து ஒரே அளவில் கசிந்த வாயுவும், கசிந்தது நண்பகலா நள்ளிரவா என்பதைப் பொறுத்து வேறு வேறு நாடுகளைச் சென்றடையக்கூடும். துகள்களைப் பொறுத்தவரை, மழை அவற்றைக் கழுவி இறக்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கே எவ்வளவு மழை பெய்தது என்பதில் வானிலை மாதிரிகள் எளிதில் தவறக்கூடியவை என்பதால் இது பிழையின் முதன்மை ஊற்றுகளுள் ஒன்று. செனான் மழையில் கரைந்து இறங்குவதில்லை, தரையில் படிவதில்லை, சிதைவது மட்டுமே அதன் இழப்பு. நிலத்தடிச் சோதனையின் ஒரே தூதனாகிய அது, கணிப்பவருக்கு எளிய பொருளாகவும் அமைந்தது இத்துறையின் நற்பேறு.

பின்னோக்கி ஓடும் கணக்கு

மூலம் தெரியாதபோது முன்னோக்கிக் கணிப்பது பெரும் விரயம். பூமியின் பரப்பை ஒரு டிகிரி அகல நீளக் கட்டங்களாகப் பிரித்தால் 64,800 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும், கடந்த இரு வாரங்களின் ஒவ்வொரு மூன்று மணி நேர இடைவெளியிலும் வாயு கசிந்ததாகக் கொண்டு தனித்தனியே கணித்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. சேகரிப்புகளோ நாளுக்குச் சில பத்துகளே. எனவே சேகரிப்பு நடந்த இடத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் துகள்களை விட்டு, கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டினால், ஒரு சேகரிப்புக்கு ஒரே ஓட்டத்தில் எல்லாக் கட்டங்களுக்குமான விடை கிடைத்துவிடுகிறது. காலத்தைத் திருப்பும்போது சராசரிக் காற்றின் திசை மட்டும் திரும்புகிறதேயன்றி, சுழிகளால் நிகழும் கலப்பு திரும்புவதில்லை. பின்னோக்கிச் சென்றாலும் துகள்கள் ஒரு புள்ளியை நோக்கிக் குவியாமல் மேலும் மேலும் விரிகின்றன. விடை புள்ளியாக அன்றிப் பரப்பாகவே வருவதற்கு இதுவே காரணம்.

இந்த ஓட்டத்தின் விளைவு 'மூல–ஏற்பி உணர்திறன்' எனப்படும் எண்களின் தொகுதி. ஒரு கட்டத்தில் ஒரு பெக்கரல் வெளியாகியிருந்தால், நிலையத்துச் சேகரிப்பில் கன மீட்டருக்கு எத்தனை பெக்கரல் சேர்ந்திருக்கும் என்பதை ஒவ்வோர் எண்ணும் குறிக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கட்டத்துக்கு அந்த எண் 10⁻¹⁶ என்றும், நிலையம் கன மீட்டருக்கு ஒரு மில்லிபெக்கரல் செனான்-133 கண்டது என்றும் கொண்டால், அந்தக் கட்டமே மூலமாக இருப்பின் வெளியானது 10¹³ பெக்கரல் ஆக வேண்டும். ஒரு கிலோடன் வெடிப்பு, அதாவது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான அணு வெடிப்பு, ஏறத்தாழ 10¹⁶ பெக்கரல் செனான்-133-ஐ உண்டாக்கும் என்பதால், கணக்கில் கிடைத்தது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கசிவு. நிலத்தடி வெடிப்புக்கு நம்பத்தக்க அளவு. வேறொரு கட்டத்துக்கு அந்த எண் 10⁻²⁰ என வந்தால் தேவைப்படும் வெளியீடு 10¹⁷ பெக்கரல் ஆகிறது. அத்தகைய வெடிப்பு நிலநடுக்க நிலையங்களின் பதிவுக்குத் தப்பியிருக்க முடியாது என்பதால் அந்தக் கட்டத்தை நீக்கிவிடலாம்.

ஒரே சேகரிப்பைவிடப் பல சேகரிப்புகளை இணைக்கும்போதே இம்முறையின் ஆற்றல் வெளிப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தற்காலிகமாக மூலமாகக் கொண்டு, அதிலிருந்து எதிர்பார்க்கப்படும் அளவுகளும் நிலையங்கள் அளந்த அளவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற ஒட்டுறவு எண் கணக்கிடப்பட்டு, உயர்ந்த ஒட்டுறவு கொண்ட கட்டங்கள் 'சாத்தியமான மூலப் பகுதி' என வரைபடத்தில் காட்டப்படுகின்றன. இதில் எதுவும் காணாத நிலையங்களின் பங்கு குறைவானதன்று. ஒரு கட்டத்திலிருந்து கசிந்திருந்தால் வாயு தன்னைக் கடந்தே போயிருக்க வேண்டும் என்ற நிலையிலுள்ள நிலையம் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையே அக்கட்டத்துக்கு எதிரான சாட்சி. மூலத்தை நேரே சுட்டுவதைவிட, மூலமாக இருக்க இயலாத இடங்களை ஒவ்வொன்றாகக் கழிப்பதிலேயே மாதிரி உறுதியாக நிற்கிறது.

பாறைக்குள்ளிருந்து வரும் தாமதம்

வட கொரியா 2006 அக்டோபர் 9 அன்று நடத்திய முதல் சோதனையின்போது செனான் கருவிகள் சிலவே இயங்கின. அந்த மாதத்தின் பிற்பகுதியில், 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கனடாவின் யெல்லோநைஃப் நிலையம் செனான்-133-ஐக் கண்டது. கனடாவிலேயே சாக் ரிவரில் மருத்துவ ஐசோடோப்பு உற்பத்தி உலை இருந்ததால், அந்தச் செனான் அங்கிருந்தும் வந்திருக்கலாம். வானிலைத் தரவைக் கொண்டு சாக் ரிவரின் பங்கைக் கணித்து, அது அளவீட்டை விளக்கப் போதாது என்று காட்டிய பின்னரே, வட கொரியாவிலிருந்து கிளம்பிய முகில் என்ற விளக்கம் வலுப்பெற்றது. 2009 மே 25 அன்று நடந்த இரண்டாம் சோதனை இதற்கு முற்றிலும் மாறானது: வலையமைப்பு விரிந்திருந்தும், நில அதிர்வு தெளிவாகப் பதிவாகியும், எந்த நிலையத்திலும் அதற்குரிய கதிரியக்கம் தென்படவில்லை. பாறை முழுமையாக மூடிக்கொண்டால் காற்றில் மாதிரிக்கு வேலை இல்லை.

மூன்றாம் சோதனை 2013 பிப்ரவரி 12 அன்று நடந்தது. 55 நாள் கழித்து, ஏப்ரல் 8, 9 தேதிகளில், களத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜப்பானின் தகாசாகி நிலையம் செனான்-131எம், செனான்-133 இரண்டையும் பதிவு செய்தது. ரஷ்யாவின் உசூரிஸ்க் நிலையத்திலும் சில நாள் கழித்துக் குறைந்த அளவில் அவை தென்பட்டன. 55 நாளில் செனான்-133 ஏறத்தாழ ஆயிரத்து நானூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட, செனான்-131எம் இருபத்தைந்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். கண்ட விகிதம் ஐம்பது நாளுக்கு மேற்பட்ட வயதுக்கு இசைந்தது. பின்னோக்கு ஓட்டம் அந்தக் காற்று சோதனைக் களத்தைக் கடந்து வந்திருக்கக்கூடும் என்று காட்டியது.

இத்தனை தாமதம் எதிர்பாராததன்று. 1993 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடா களத்தில், ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில், ஒரு கிலோடன் வேதி வெடிமருந்தோடு இரண்டு தடங்காட்டி வாயுக்கள் வைத்து வெடிக்கப்பட்டன. சல்பர் ஹெக்சாஃபுளோரைடு 50 நாளிலும், ஹீலியம்-3 375 நாளிலும் நிலப் பிளவுகளின் வழியே மேற்பரப்பை எட்டின. காற்றழுத்தம் தாழும்போது பாறை விரிசல்களிலுள்ள வாயு மேலே உறிஞ்சப்பட்டு, அழுத்தம் ஏறும்போது சிறிது கீழே தள்ளப்படும் இந்த ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப நிகழ்ந்து வாயுவை மேலேற்றுகிறது. ஆகவே பரவல் மாதிரிக்கு முன்னே இன்னொரு மாதிரி, பாறைக்குள் வாயு நகர்வதைக் கணிக்கும் மாதிரி, தேவைப்படுகிறது. கசிவு எந்த நாளில் தொடங்கியது என்பதை அது மட்டுமே ஓரளவு கட்டுப்படுத்த முடியும்.

பின்னணி இரைச்சல்

செனான் கண்காணிப்பின் பெரும் இடையூறு, மருத்துவமனைகளின் தேவைக்காகவே பிறக்கிறது. நோயறிதலுக்குப் பெரிதும் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்ற ஐசோடோப்பின் தாயான மாலிப்டினம்-99, யுரேனியத்தைப் பிளந்து தயாரிக்கப்படுகிறது. அந்தச் செயல்முறையில் செனானும் வெளிவருகிறது. பெல்ஜியத்தின் ஃபிளூரஸ், தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா, ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அருகிலுள்ள லூகாஸ் ஹைட்ஸ் ஆகிய இடங்களில் இத்தகைய ஆலைகள் உள்ளன. இவ்வகை ஆலை ஒன்றின் ஒரு நாள் வெளியீடு 10¹² முதல் 10¹³ பெக்கரல் வரை இருக்கக்கூடும். முன்னர்க் கண்ட கணக்கில் ஒரு கிலோடன் சோதனையின் கசிவாக வந்த அதே எண் இது. இதனால் உற்பத்தியாளர்களும் கண்காணிப்பாளர்களும் கூடிப் பேசி, ஆலைக்கு நாளொன்றுக்கு 5×10⁹ பெக்கரல் என்ற தன்னார்வ இலக்கை முன்வைத்தனர்.

வெளியீட்டைக் குறைப்பதோடு அதை முன்கூட்டியே கணித்துக் கழிப்பதும் தேவை. பெல்ஜிய ஆலையின் புகைபோக்கி அளவீடுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்து, ஜெர்மனியின் கருங்காட்டிலுள்ள ஷவின்ஸ்லாண்ட் நிலையத்தில் எவ்வளவு செனான் பதிவாகியிருக்கும் என்று கணிக்கச் சொல்லும் பன்னாட்டுப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அடுத்ததில் லூகாஸ் ஹைட்ஸ் ஆலையின் வெளியீடும் தென்கோள நிலையங்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. மூலத்தின் இடமும் நேரமும் அளவும் தெரிந்த நிலையிலும், எல்லாச் சேகரிப்புகளையும் சரியாகக் கணித்த ஒற்றை மாதிரி எதுவும் இல்லை என்பதே இவை கற்பித்த பாடம்.

பிழையை அளத்தல்

மாதிரிகளைச் சோதிக்க வேண்டுமென்றே வாயு விடப்பட்ட ஆய்வுகளும் உண்டு. 1994 அக்டோபர் 23 அன்று பிரான்சின் பிரித்தானி பகுதியிலுள்ள மோன்டெர்ஃபில் என்ற ஊரிலிருந்து 340 கிலோ பெர்ஃபுளூரோகார்பன் வாயு 12 மணி நேரம் வெளியிடப்பட்டு, 17 நாடுகளிலுள்ள 168 நிலையங்களில் அளக்கப்பட்டது. பல மாதிரிகள் முகிலின் பொதுவான போக்கைச் சரியாகக் காட்டின. அடுத்த மாதம் வேறொரு வானிலையில் அதே இடத்திலிருந்து நடத்தப்பட்ட இரண்டாம் வெளியீட்டில் அதே மாதிரிகள் தடுமாறின. ஒரு மாதிரியின் நம்பகம் அதன் நிரலோடு மட்டும் சேர்ந்ததன்று, அன்றைய வானிலையோடும் சேர்ந்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

இதற்கு இன்று கைக்கொள்ளப்படும் மருந்து, ஒரு கணிப்புக்குப் பதில் பல கணிப்புகள். ஐயத்துக்குரிய சேகரிப்பு ஒன்று பதிவாகும்போது ஒப்பந்த அமைப்பு, உலக வானிலை அமைப்போடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, டோக்கியோ, துலூஸ், மெல்போர்ன், பெய்ஜிங், மொன்றியல் முதலிய வானிலை மையங்களுக்கு அறிவிப்பு அனுப்புகிறது. ஒவ்வொரு மையமும் தன் சொந்த வானிலைத் தரவையும் மாதிரியையும் கொண்டு பின்னோக்கு ஓட்டத்தை நடத்தி முடிவை அனுப்புகிறது. எல்லா மையங்களும் ஒரே பகுதியைக் காட்டினால் நம்பிக்கை கூடும். அவை சிதறினால், அந்தச் சிதறலே பிழையின் அளவுகோலாகிறது.

இரு நிகழ்வுகள்

2017 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் ஐரோப்பா முழுவதும் ருத்தேனியம்-106 காற்றில் தென்பட்டது. உச்ச அளவு கன மீட்டருக்கு 150 மில்லிபெக்கரலுக்கும் மேல் சென்றது. குண்டு வெடிப்பிலோ உலை விபத்திலோ உடன்வர வேண்டிய பிற பிளவுப் பொருள்கள் ஏறத்தாழ இல்லாமையால், அது பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலையின் கசிவாகவே இருக்க வேண்டும் என்பது தெளிந்தது. பல நாடுகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைப் பின்னோக்கி ஓட்டியதில் சாத்தியமான மூலப் பகுதி ரஷ்யாவின் தெற்கு யூரல் வட்டாரத்தில் குவிந்து, வெளியீடு ஏறத்தாழ 250 டெராபெக்கரல் எனக் கணிக்கப்பட்டது. டெரா என்பது லட்சம் கோடி. அத்தகைய எரிபொருள் பிரித்தெடுப்பு ஆலையான மாயக் அந்த வட்டாரத்திலேயே உள்ளது. ரஷ்யத் தரப்பு இதை மறுத்தது. அளவீடுகள் ஏராளமாகவும் மூலம் ஒன்றாகவும் பின்னணி தூய்மையாகவும் இருந்தால் மாதிரி எவ்வளவு கூர்மையாக முடியும் என்பதற்கு இது சான்று.

2010 மே மாதத்து நிகழ்வு இதன் மறுபக்கம். தென் கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் தூரக் கிழக்கு ஆகிய இடங்களில் செனானும், பேரியம்-140-உம் அதன் சேய்ப்பொருளான லாந்தனம்-140-உம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்டன. சுவீடனின் லார்ஸ்-எரிக் டெ யேர் இவற்றின் விகிதங்களையும் காற்றோட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்து, வட கொரியா அந்த ஆண்டு மிகச் சிறிய வெடிப்புகளை நடத்தியிருக்கலாம் என 2012-இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். அதற்கேற்ற அதிர்வு எதுவும் முதலில் அறியப்படவில்லை. பின்னர் மே 12-க்குரிய மிகச் சிறு அதிர்வு ஒன்றை ஓர் ஆய்வுக் குழு வெடிப்பு என்றும், வேறு குழுக்கள் இயற்கை நிலநடுக்கம் என்றும் விளக்கின. காற்று வடகொரியாவைக் கடந்து வந்திருக்கலாம் என்று மாதிரி அனுமதித்தது; அனுமதிப்பதும் மெய்ப்பிப்பதும் ஒன்றல்ல. சேகரிப்புகள் சிலவேயாக இருக்கும்போது கழிக்கப்படாத கட்டங்கள் பல எஞ்சுகின்றன, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தகுதி மாதிரிக்கு இல்லை.

ஒப்பந்தத்தின் முன் மாதிரி

ஒப்பந்தத்தின் விதிகள் இந்த வரம்பை அறிந்தே எழுதப்பட்டுள்ளன. நேரடிக் களஆய்வுக்கு அனுமதிக்கப்படும் பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கு மிகாமலும், எத்திசையிலும் 50 கிலோமீட்டருக்கு நீளாமலும் இருக்க வேண்டும். அதற்கு 51 உறுப்பினர் கொண்ட செயற்குழுவில் 30 பேரின் இசைவும் தேவை. பரவல் மாதிரியின் ஒரு கட்டமே பல நேரங்களில் அந்த எல்லையைவிடப் பெரியது. இடத்தை அந்த அளவுக்குக் குறுக்குவது நிலநடுக்க அலைகளின் வேலை. அந்த இடத்திலிருந்து அந்த நேரத்தில் கிளம்பிய காற்று இந்த நிலையத்தை எட்டியிருக்க முடியுமா, எட்டக்கூடிய வேறு உலையோ ஆலையோ உண்டா என்ற இரு கேள்விகளுக்கு விடை தருவதே மாதிரியின் வேலை. முதலாவதற்கு 'முடியும்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் விடை வந்தால், இரு வேறு அறிவியல்கள் தனித்தனியே கண்டவை ஒரே நிகழ்வாகப் பிணைக்கப்படுகின்றன.

ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது நடைமுறைக்கு வர இசைவு கட்டாயமாகும் 44 நாடுகளில் இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா மூன்றும் கையெழுத்திடவேயில்லை, அமெரிக்காவும் சீனாவும் உள்ளிட்ட சில நாடுகள் கையெழுத்திட்டும் ஏற்புறுதி அளிக்கவில்லை, ரஷ்யா அளித்த உறுதியை 2023-இல் திரும்பப் பெற்றது. களஆய்வு என்ற கடைசிப் படி அதுவரை பூட்டியே கிடக்கும் என்பதால், தொலைவிலிருந்து செய்யும் கணிப்பின் மீதான சுமை இன்று மேலும் கூடியிருக்கிறது. அந்தச் சுமையைத் தாங்க வேண்டுமெனில் மாதிரியாளர் வரைபடத்தோடு அதன் பிழை எல்லையையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். குற்றம் சாட்டப்படும் நாடு முதலில் தேடிப் பிடிப்பது, சொல்லாமல் விடப்பட்ட அந்தப் பிழையைத்தான். வியன்னா அமைப்பு தரவையும் கணிப்பையும் உறுப்பு நாடுகளுக்கு வழங்குவதோடு நின்றுகொண்டு, தீர்ப்பை அவற்றிடமே விட்டிருப்பதும் இதனாலேயே.